ரோஜாப்பூ யாருடைய தட்டில்?

கிறிஸ்து இயேசுவுக்குள் பிரியமானவர்களே,

இந்த வாரச் சிந்தனை கேக்கைப் பற்றியது. ஆயருக்கு எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையோ என்று நீங்கள் எண்ணக்கூடும். அதிலும் சர்க்கரை நோயாளியாகிய ஓர் ஆயர் இதை எழுதுவது வேடிக்கைதான். ஆயினும் சென்ற ஆண்டு நமது கிறிஸ்துமஸ் விழாவில் நான் கண்ட ஒரு காட்சி இன்றுவரை என் மனதை விட்டு அகலவில்லை.

மேடையில் பெரிய கேக் வைக்கப்பட்டிருந்ததை நீங்கள் அறிவீர்கள். வெண்மையான ஐசிங், நடுவில் கிரீமினால் செய்த சிவப்பு ரோஜா, சுற்றிலும் செர்ரிகள். சிறப்பு விருந்தினரும் நானும் மூப்பர்களும் ஒரே கத்தியைப் பிடித்து நின்றோம். புகைப்படம் எடுக்கப்பட்டது. ரோஜா இருந்த துண்டு விருந்தினருக்குப் போயிற்று. அடுத்த துண்டு எனக்கு வந்தது. மீதியைப் பின்கட்டுக்கு எடுத்துச் சென்று, சிறு துண்டுகளாக்கி, காகிதத் தட்டுகளில் பரிமாறினார்கள். கதவோரத்தில், நாமே அழைத்து வந்திருந்த செங்கல் சூளைக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. அவர்களிடம் தட்டு சேர்ந்தபோது அதில் கிரீம் இல்லை, தூள்தான் இருந்தது. ஆறு வயது இருக்கலாம், ஒரு சிறுமி எழுந்து வந்து, கேக் வைத்திருந்த அட்டையில் ஒட்டியிருந்த ஐசிங்கை விரலால் வழித்து உண்டாள். யாரோ அவளை அதட்டினார்கள். நான் மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உதட்டில் கிரீம் இருந்தது.

அந்த ஆண்டில்தான் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைக் குறித்து உங்களுக்குப் பிரசங்கித்திருந்தேன். பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடத்தையும், கந்தை அணிந்தவனுக்குக் காலடியையும் காட்டுகிற சபையை அப்போஸ்தலன் எவ்வளவு கடுமையாய்க் கேட்கிறான் என்பதை மூன்று பகுதிகளாகப் பிரித்து விளக்கினேன். கேக்கின் ரோஜாப்பூ அந்த மூன்று பகுதிகளில் எதிலும் இடம்பெறவில்லை.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு மேடையில் கேக் வெட்ட வேண்டாம். அதற்குப் பதிலாக, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு முழு கப் கேக் செய்வோம். ஒவ்வொன்றின் மேலும் ஒரே அளவு ஐசிங், ஒரே அளவு புதுப்பழம். விருந்தினருக்கும் அதுவே, சூளைச் சிறுமிக்கும் அதுவே.

சபையில் பலகாரம் பங்கிடுவதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளில் தாவீது ஜனங்கள் எல்லாருக்கும், ஆண்களுக்கும் பெண்களுக்கும், ஆளுக்கொரு பங்கு கொடுத்ததாக 2 சாமுவேல் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. அந்தப் பங்கில் ஒன்றைக் குறிக்கும் எபிரெயச் சொல் அஷிஷா. நமது பழைய மொழிபெயர்ப்பில் அது ஒரு படி திராட்சரசம் என்று வந்திருக்கிறது. உலர்ந்த திராட்சையை அழுத்திச் செய்த அடை என்பதே பொருத்தமான பொருளென்று பிற்காலத்து அறிஞர்கள் கொள்கிறார்கள். ஆக, அது பழம் வைத்த பலகாரம். இதே சொல் ஓசியாவின் மூன்றாம் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே அந்நிய தேவர்களை நாடிச் சென்றவர்கள் விரும்பிய பண்டமாக வருகிறது. பண்டம் ஒன்றேதான். அது யாருக்காகச் செய்யப்பட்டது, யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் வேறுபாடு. தாவீதின் பங்கீட்டில் எனக்குப் பிடித்தது, அங்கே ரோஜாப்பூத் துண்டு என்று ஒன்று இல்லாததே.

கப் கேக் அண்மைக் கால நாகரிகம் என்று எண்ண வேண்டாம். 1796-இல் அமெரிக்காவில் அமெலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் நூலிலேயே சிறு கோப்பைகளில் சுடும் கேக் சொல்லப்பட்டிருக்கிறது. 1828-இல் எலைசா லெஸ்லியின் நூலில் கப் கேக் என்ற பெயரே வந்துவிட்டது. நமது வீடுகளிலும் அது முடியாத காரியம் அல்ல. ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் உப்பையோ மணலையோ பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்துச் சுடுகிறார்கள். நமது பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் அவ்வாறு சுடுகிற கைகள் எத்தனையோ உண்டு.

மூத்த மூப்பர் ஒருவர் என்னிடம் எழுப்பிய மறுப்பை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. “ஐயா, நாம் அநேகராயிருந்தும் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம் என்று பவுல் சொல்லவில்லையா? ஒரே கேக்கை எல்லாரும் பகிர்வது ஐக்கியம் அல்லவா? ஆளுக்கொரு குட்டிக் கேக் என்றால் அவனவன் தனித்தனி என்றாகிவிடாதா?” என்றார். நல்ல கேள்வி. இரண்டு நாட்கள் அதைச் சிந்தித்தேன். அதே கொரிந்தியர் நிருபத்தின் அடுத்த அதிகாரத்திலேயே பவுல் வேறொன்றையும் சொல்கிறார்: ஒரே பந்தியில் ஒருவன் பசியாயிருக்கிறான், மற்றவன் வெறிகொள்ளுமளவுக்குக் குடித்திருக்கிறான், அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார். ஒரே அப்பம் என்பது ஒழுங்காகப் பிட்டுக் கொடுக்கப்படும்போதுதான் ஒரே அப்பம். நம்முடைய பெரிய கேக் பெயரளவில் ஒன்று, பங்கிடும்போது பல தரம். நூற்றைம்பது கப் கேக்குகளும் ஒரே தொட்டியில் கலந்த மாவு என்று நான் மூப்பருக்குப் பதிலளித்தேன். அவர் முழுமையாக இணங்கவில்லை. ஆயினும் மாவுக்கு ஆகும் செலவில் பாதியைத் தாமே ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்து, பழத்தைக் குறித்துச் சில வார்த்தைகள். இளைஞர்கள் ஸ்ட்ராபெரி வேண்டும் என்கிறார்கள். சிறு பெட்டியில் எண்ணி வைத்து விற்கப்படும் அந்தப் பழத்தை நூற்றைம்பது பேருக்கு வாங்குவது நமது சபைக்குத் தாங்காது. செர்ரி வைக்கலாம் என்கிறார்கள் சிலர். நமது கடைகளில் கேக் செர்ரி என்று விற்கப்படும் சிவப்பு உருண்டைகளில் பெரும்பாலானவை செர்ரியே அல்ல. விதை நீக்கி, சர்க்கரைப்பாகில் ஊறவைத்து, சாயமேற்றிய களாக்காய். முட்புதரில் காய்க்கும் நமது களாக்காய்தான் வேற்றுப் பெயர் பூண்டு மேடை ஏறுகிறது. டூட்டி ஃப்ரூட்டி என்பதும் இப்படியே பப்பாளிக்காய்த் துண்டுகள்தான். நமது மண்ணில் விளைந்ததற்கு அந்நியப் பெயர் சூட்டினால்தான் நாம் மதிக்கிறோம் என்பது என் நெடுநாளைய மனக்குறை.

தலச்சேரியின் மாம்பள்ளி பாப்புவின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. 1883-ஆம் ஆண்டு, அஞ்சரக்கண்டித் தோட்டத்தின் மர்டாக் பிரவுன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக்கைக் காட்டி, இதுபோல் ஒன்று செய்து தரும்படி பாப்புவிடம் கேட்டதாகவும், அந்த ஊர்க் கொல்லரிடம் அச்சுச் செய்து வாங்கி, பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக முந்திரிப் பழத்திலும் கதலிப் பழத்திலும் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்து அவர் கேக் செய்ததாகவும் சொல்லப்பட்டு வருகிறது. (சரக்கைக் குறித்த விவாதத்தை வேறொரு வாரத்திற்கு வைத்துக்கொள்வோம்.) இந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக்கின் தொடக்கமாகப் போற்றப்படும் இந்தக் கதையிலேயே, கிடைத்த உள்ளூர்ப் பழத்தை வைத்துத்தான் வேலை நடந்திருக்கிறது. ஆகவே ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் மார்கழியில் கிடைக்கும் கொய்யாவும் மாதுளையும் கமலா ஆரஞ்சும் நமக்குப் போதும்.

இவற்றுள் மாதுளைக்கே என் வாக்கு. முத்துக்களை உடையாமல் உதிர்த்தால் நீர் விடாது. ஐசிங்கின் வெண்மையில் சிவப்பு நன்கு தெரியும். கத்தியும் வேண்டாம், பிள்ளைகளே வைக்கலாம். கொய்யாவை மெல்லிய கீற்றாக அரிந்து எலுமிச்சைச் சாறு தடவினால் விரைவில் கறுக்காது. ஆரஞ்சுச் சுளையைத் தோலுரித்து, துணியில் ஒற்றி எடுக்காமல் வைத்தால் ஐசிங் கரைந்து வழிந்துவிடும். பச்சை அன்னாசியையும் பப்பாளியையும் பால் கிரீமின்மேல் வைக்க வேண்டாம். அவற்றிலுள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் சர்க்கரையில் வேகவைத்து, ஆறியபின் வைக்கலாம். (இவ்வளவும் என் துணைவியார் சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.)

எல்லாவற்றிலும் முக்கியமானது நேரம். ஐசிங்கை முந்தின இரவே செய்து வைக்கலாம். பழத்தை அப்படி வைக்க முடியாது. அதிகாலை 4 மணி ஆராதனை முடியும் வேளையில்தான் பழம் மேலே ஏற வேண்டும். மறுநாளைக்கு என்று எடுத்து வைத்த மன்னாவுக்கு நேர்ந்தது நறுக்கிய பழத்துக்கும் நேரும். எனவே ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கடைசிப் பாடலின்போது ஆசிரியைகளுடன் கூடத்துக்குச் செல்ல அனுமதிக்கிறேன். ஆசீர்வாதத்தைத் தவறவிட்டார்களே என்று பெற்றோர் வருந்த வேண்டாம். நான் கூடத்துக்கே வந்து கூறுகிறேன்.

சூளைக் குடும்பங்களைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். மழை ஓய்ந்து செங்கல் வேலை தொடங்கும் காலத்தில், ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா போன்ற மாவட்டங்களிலிருந்து முன்பணம் பெற்றுக்கொண்டு நமது மாவட்டத்துச் சூளைகளுக்கு வருகிறவர்கள் பலர். நமது இருளர் குடும்பங்களும் அங்கே உண்டு. சென்ற ஆண்டுபோல அவர்களைக் கதவோரத்தில் உட்கார வைக்க வேண்டாம். வர இயலாதவர்களுக்கு நாமே கொண்டுபோவோம்; நெகேமியாவின் காலத்தில் ஒன்றும் ஆயத்தம் செய்யாதவர்களுக்குப் பங்கு அனுப்பப்பட்டதல்லவா? மீந்ததை அல்ல, முதலில் அலங்கரித்த தட்டை அனுப்புவோம். கேக்குடன் துண்டுப்பிரதி வைக்க வேண்டாம் என்பது என் திடமான எண்ணம். சுவிசேஷத்தைக் குறித்து நான் வெட்கப்படவில்லை. ஆனால் பண்டத்தோடு சேர்த்துக் கொடுக்கும் எதையும், பசித்தவர் மறுக்கும் உரிமையோடு பெற்றுக்கொள்வதில்லை. அவர்கள் கேட்டால் பேசுவோம். கேட்காவிட்டால், கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டு வருவோம்.

சிறப்பு விருந்தினருக்கு இதைத் தொலைபேசியில் தெரிவித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என் பேத்தியும் பழம் வைக்க வரலாமா?” என்று கேட்டார். காலை ஐந்து மணிக்குக் கூடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

24-ஆம் தேதி மாலை மாதுளை உதிர்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கிண்ணமும் பழைய துணியும் கொண்டுவாருங்கள். சாறு பட்டால் கறை போகாது; வெள்ளை உடை வேண்டாம்.

உங்கள் ஆயர்