முதல் நாள் மதிப்பு வசூல்



போன வாரம் தங்கை மகன் வந்திருந்தான். கல்லூரியில் புதிதாக வேலை. "மாமா, முதல் வகுப்பில் என்னை அறிமுகப்படுத்திக்க ஸ்லைடு போடச் சொல்லியிருக்காங்க, பாருங்க" என்று லேப்டாப்பைத் திறந்தான். பன்னிரண்டு ஸ்லைடு. பட்டங்கள், பதக்கம், கட்டுரைகள், விருது வாங்கும் படம். எதிரே உட்காரப்போகும் பிள்ளைகளுக்கென்று ஒரு வரி இல்லை.

"தற்பெருமையா தெரியுதா?" என்றான். தெரிகிறது என்றேன். "என் மேல அவங்களுக்கு மதிப்பு வர வேண்டாமா?" என்று கோபித்துக்கொண்டான்.

இங்கேதான் எனக்குச் சண்டை. மதிப்பு என்ன, முதல் நாளே வசூலிக்கிற கட்டணமா?

நான் செய்த தப்பு இது என்பதால் சொல்கிறேன். 1984-ல் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒன்பதாம் வகுப்பில் நின்று, கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு என்று அரை மணி நேரம் அளந்தேன். எட்டாவதில் இயற்கணிதம் புரியாமல் அழுததை மட்டும் சொல்லவில்லை. அரையாண்டு வரை ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை. நன்றாக நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரிந்தது, பாதிப் பேருக்குக் குறை எண்களைப் பெருக்கவே வரவில்லை.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அந்த வகுப்பு மாணவி சொன்னாள்: "நீங்க எப்பவும் நூறு வாங்கினவர் சார். எனக்குப் புரியலன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" பத்தாவதில் கணக்கில் தோற்று, அதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நூலின் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியரே எழுதக் கூடாது, அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுதட்டும் என்கிறது பவணந்தியாரின் நன்னூல். புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளச் சில இடங்களில் அனுமதியும் தருகிறது. அதில் ஒன்று, தம் ஆற்றலை அறியாதவர் நடுவே இருக்கும்போது. "என் மாணவர்களும் அறியாதவங்கதானே?" என்று மருமகன் மடக்கினான். கெட்டிக்காரன். ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிற சபைக்குத்தான் வாயால் சொல்ல வேண்டும். வருடம் முழுக்க நம் முகத்தைப் பார்க்கப்போகிற பிள்ளைக்கு எதற்கு?

அதற்காக "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று குழையவும் வேண்டாம். அது பெருமையின் இன்னொரு வேஷம். இவருக்குப் பாடம் தெரியும் என்ற தைரியம் பிள்ளைகளுக்கு வேண்டும். அதற்கு ஒரு வரி போதும்: பெயர், படிப்பு, அனுபவம். தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், "அங்கே என்ன எதிர்பார்ப்பார்கள் என்று என்னிடம் கேளுங்கள்" என்பதையும் சேர்த்து. பிள்ளைக்கு உதவினால் அது தகவல். நமக்கு மட்டும் உதவினால் அது தம்பட்டம்.

பிறகு, நாம் தடுக்கி விழுந்த பாடம் எது, சந்தேகம் கேட்க எப்போது எங்கே வரலாம் என்று சொல்லுங்கள். மீதி நேரம் அவர்கள் பெயரைக் கேளுங்கள். அந்தப் பந்திக்குப் பிறகு ஓய்வு பெறும் வரை நான் அப்படித்தான் செய்தேன்.

1984 பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அந்த அரை மணி நேரத்துக்கு என்னை மன்னித்துவிடுங்கள். மருமகனே, நீயும் படிப்பாய் என்று தெரியும். ஒரு ஸ்லைடு போதும்டா.