ரீஃபர்பிஷ்டு போன் யாருக்கு?

உங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த டெலிபோன் புத்தம் புதியது என்று நினைத்துக்கொண்டிருந்தால், டிபார்ட்மென்ட்டில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு ரகசியம் சொல்கிறேன். பல வீடுகளுக்கு வந்தது ஏற்கெனவே யார் வீட்டிலோ மணியடித்த கருவிதான். அப்போது போன் நமக்குச் சொந்தமில்லை. டிபார்ட்மென்ட்டின் சொத்து, நாம் வாடகை கட்டினோம். ஒருவர் இணைப்பைத் திருப்பிக் கொடுத்தால் கருவி எங்கள் பெஞ்சுக்கு வரும். டயலின் கான்டாக்டுகளை ஸ்பிரிட்டில் துடைப்போம். டயல் விநாடிக்குப் பத்து துடிப்பு கொடுக்கிறதா என்று பார்ப்போம். ரிசீவரில் பேசும் பக்கம் கார்பன் தூள் கட்டிப்போயிருந்தால் மாற்றுவோம். (பேச்சு மங்கலாகக் கேட்டால் ரிசீவரை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுவீர்களே, கட்டிய தூள் உதிர்வதற்குத்தான் அது.) கார்டை மாற்றி, பாலிஷ் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புவோம். வருஷக்கணக்கில் காத்திருந்து போன் கிடைத்த குடும்பம் அதற்குக் குங்குமம் வைத்து வரவேற்கும். ஏழு வருஷப் பழசு என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் பழுதானால் 198-க்குப் போன் செய்வார்கள், நாங்கள் சைக்கிளில் போய் நிற்போம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'ரீஃபர்பிஷ்டு' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களும், பாதி விலை என்றதும் பாய்பவர்களும் ஒரே விஷயத்தைக் கவனிப்பதில்லை. போன் பழசா புதுசா என்பது இரண்டாவது கேள்வி. விற்ற பிறகு பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. ஆள் இருந்தால் ரீஃபர்பிஷ்டு. இல்லாவிட்டால் அது செகண்ட் ஹேண்ட், என்னதான் புது டப்பாவில் போட்டுக் கொடுத்தாலும்.

ஈரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் என் தங்கை மகனுக்கு இப்போது இந்தக் குழப்பம். மேசை போன் ஆறு, செல்போன் ஐந்து வாங்க வேண்டும். டீசல் விலையும் டோலும் போக அவன் கையில் நிற்பது கொஞ்சம்தான், பாதி விலை என்பது அவனுக்குப் பெரிய விஷயம். மேசை போனைப் பற்றிக் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை, பழசையே வாங்கு என்றேன். சாதாரண மேசை போனுக்குள் பேட்டரி கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. தேய்வது மூன்றே இடம்: சுருள் கார்டு, ரிசீவரை வைக்கும் இடத்தில் இருக்கும் சுவிட்ச், பட்டன்களுக்கு அடியில் உள்ள ரப்பர். மூன்றையும் கடையிலேயே ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். டிஸ்ப்ளேயும் பத்துப் பதினைந்து பட்டனும் வைத்த பெரிய போன்கள், மூடப்பட்ட கம்பெனிகளிலிருந்து மலிவாக வரும். பார்க்க ஜோராக இருக்கும். அதில் பல, அந்தந்தக் கம்பெனியின் இன்டர்காம் பெட்டியோடு மட்டுமே பேசும். வேறு பெட்டியில் செருகினால் பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும். நெட் ஒயரில் ஓடும் ஐபி போன் என்றால், எஸ்ஐபி முறையில் வேலை செய்யுமா, பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு நீக்கப்பட்டதா, மின்சாரம் அடாப்டரிலா நெட் ஒயர் வழியாகவா என்று கேட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். அடாப்டர் தனியாக வாங்கியே மிச்சம் பிடித்த காசு போய்விடும்.

செல்போன் கதை வேறு. அதற்கு வயது உண்டு, இரண்டு விதமாக. ஒன்று பேட்டரி. ஐந்நூறு தடவை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். இது பெரிய குறையல்ல, மாற்றிக்கொள்ளலாம். முதுகு லேசாக உப்பியிருந்தால் மட்டும் தொடவே வேண்டாம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத வயது. கம்பெனி பாதுகாப்பு அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்டால், வெளியே பளபளவென்று இருக்கும் போன் உள்ளே பூட்டில்லாத வீடு. செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்' என்ற இடத்தில் தேதி இருக்கும். அது இரண்டு வருஷம் பழையதாக இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

இங்கேதான் எனக்கும் தங்கை மகனுக்கும் வாக்குவாதம். அவன் திட்டம், முதலாளியான அவனுக்கு ஒரு புது போன், கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கும் மற்ற மூன்று பையன்களுக்கும் பழசு. எல்லா ஆபீஸிலும் இப்படித்தான் செய்கிறார்கள். நான் நேர்மாறாகச் சொன்னேன். லோடு ஏற்றும் பையன்களுக்கு வேண்டியது பேசவும் வாட்ஸ்அப்பில் ரசீது அனுப்பவும். அவர்களுக்குப் பழசு தாராளமாகப் போதும், கீழே விழுந்தாலும் வயிறு எரியாது. அவனுக்கும் அதேதான் வேலை. ஆனால் அந்தப் பெண்ணின் போனில்தான் பேங்க் ஆப், ஓடிபி, வாடிக்கையாளர்களின் கணக்கு எண்கள் எல்லாம் இருக்கின்றன. இருக்கிற ஒரு புது போன் அவளுக்குத்தான் போக வேண்டும். நாளைக்குப் பணம் போனால் முதலில் சந்தேகப்படுவது யாரை? அப்டேட் நின்றுபோன போனை அவள் கையில் கொடுத்துவிட்டு அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? "மொதலாளி பழைய போன் வெச்சிருந்தா பார்ட்டிங்க மதிப்பாங்களா மாமா?" என்றான். லாரி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மதிப்பார்கள் என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை, நான் சொன்னதில் மாற்றமில்லை.

பையன்களுக்கு வாங்கும் பழைய போனிலும் மூன்று காரியங்களை விடக்கூடாது. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பிறகு கேஒய்எம் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சேவை இது, சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். தடை செய்யப்பட்டது, டூப்ளிகேட், ஏற்கெனவே உபயோகத்தில் இருப்பது என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். திருட்டுப் போன்களின் எண்ணை மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். 2023-ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அப்படி மாற்றுவதற்கு மூன்று வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். மாற்றியவன் அகப்படுவதற்கு முன் போனை வைத்திருப்பவர் வாசலுக்குத்தான் போலீஸ் வரும். எனக்குத் தெரிந்த மருந்துக் கடைக்காரர் ஒருவருக்கு அப்படி ஆயிற்று. பில் இருந்ததால் ஒரு நாள் அலைச்சலோடு போயிற்று.

இரண்டாவது, பழைய சொந்தக்காரரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும். கடைக்காரர் முன்னாலேயே ரீசெட் செய்து, உங்கள் கணக்கைப் போட்டுத் திறந்து பாருங்கள். மூன்றாவது, நம் ஊரில் இப்போது அதிகம் நடப்பது: தவணையில் வாங்கிய போனை முழுதாகக் கட்டாமல் விற்றுவிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் உள்ளே ஒரு பூட்டு ஆப் வைத்திருப்பார்கள். தவணை நின்றதும் போன் எங்கிருந்தாலும் பூட்டிக்கொள்ளும், அது உங்கள் பையன் பவானி செக்போஸ்டில் நிற்கும் நேரமாகக்கூட இருக்கலாம்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபீஸ் செலவு என்பதால் ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள். ஆனால் பழைய பொருள் விற்பவர்கள் பலர் தங்கள் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையில் இருப்பார்கள். புதுப் போனுக்கு எடுப்பதுபோல 18 சதவீதத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம். வாங்கும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள், அதற்கு அவர் தனியாக ஃபீஸ் கேட்க மாட்டார். வாரன்டி ஆறு மாதம் என்று வாயால் சொன்னால் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கும்.