அது சூடு போட்ட பெயர் அல்ல

வாஷிங்டன் என்ற குடும்பப் பெயரை வைத்திருக்கும் கறுப்பின அமெரிக்கர்கள் அதை உதறிவிட வேண்டுமாம். அது எசமான் போட்ட சூடாம். சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் இப்படித் தீர்ப்பெழுதியிருக்கிறார். வரலாற்றைப் புரட்டிப் பார்க்காமல் எழுதிய தீர்ப்பு இது.

அவர் தரும் எண்ணில் பிழையில்லை. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்பெயர் கொண்டவர்கள் 1,63,036 பேர். பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். ஆனால் அதை வைத்து, இவர்கள் அத்தனை பேருக்கும் எசமான் பெயர் வைத்தான் என்று எப்படிச் சொல்கிறார்? 1799இல் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். அவர் எழுதிய அடிமைகள் பட்டியலில் பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயரை எசமானர்கள் சூட்டவில்லை, மறுத்தார்கள். அடிமைகள் பலர் தங்களுக்குள் ரகசியமாக ஒன்றை வைத்துக்கொண்டார்கள். விடுதலைக்குப் பிறகு அதை ஊரறியச் சொன்னார்கள், அல்லது புதிதாகத் தேர்ந்தார்கள். முன்னாள் அடிமைகள் அனைவரையும் பெயரோடு பதிந்த முதல் கணக்கெடுப்பு 1870இல்தான் வந்தது.

கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனையே எடுத்துக்கொள்வோம். பள்ளியில் வருகைப் பதிவின்போது மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்ட சிறுவன், தன் முறை வந்ததும் 'புக்கர் வாஷிங்டன்' என்றான். அவனுடைய மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். ஒரு குழந்தை தானே எடுத்துக்கொண்ட பெயரில் எசமானின் கை எங்கே இருக்கிறது?

ஜார்ஜின் பண்ணையிலிருந்தே வந்த ஒருவரும் உண்டு: ஹாரி வாஷிங்டன். 1776இல் தப்பியோடி, தன் எசமானுக்கு எதிராகப் போரிட்ட பிரிட்டிஷாரோடு சேர்ந்தார். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியவர்களின் பதிவேட்டில் அவர் ஹாரி வாஷிங்டன். பிறகு சியரா லியோன் போய், 1800இல் அங்கும் ஆட்சியாளர்களை எதிர்த்து எழுந்த கலகத்தில் சேர்ந்து நாடு கடத்தப்பட்டார். இவரை எசமானின் முத்திரையைச் சுமந்தவர் என்று சொல்ல மனம் எப்படி வருகிறது?

கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸைக் கட்டுரையாளர் துணைக்கு அழைக்கிறார். 'லிட்டில்' என்ற தன் குடும்பப் பெயரைத் துறந்தது மால்கம் தானே எடுத்த முடிவு. அதில் நியாயம் உண்டு. அந்த உரிமை மால்கமுக்கு இருந்தால், வைத்துக்கொள்ளும் உரிமை வாஷிங்டன் குடும்பங்களுக்கும் உண்டு. சுதந்திர மனிதர்களாக அவர்களின் முன்னோர் செய்த முதல் காரியங்களில் ஒன்றை அடிமைத்தனம் என்று எழுதியதற்குக் கட்டுரையாளர் அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.