ஐந்து மீட்டருக்கு ஒரு புள்ளி

மிசிசாகாவில் பனிக்காலம் முழுக்க கராஜில் நிற்கும் டிராக் பைக்குக்கு, ஓர் ஆர்டுயினோ பலகையும் ஜிபிஎஸ்ஸும் எஸ்டி கார்டும் வைத்து, ஓட்டத்தைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரை வீட்டிலேயே செய்துகொள்வதுதான் நல்லது என்பேன். காசு மிச்சமாவது மட்டும் காரணமல்ல, பதிவாகும் எண்களின் பொருளும் புரியும். 1961-இல் போமன்வில் அருகே திறக்கப்பட்ட மோஸ்போர்ட் தடத்தில் ஒரு சுற்று 3.957 கி.மீ. அங்கே மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் பைக் நொடிக்கு 50 மீட்டர் ஓடிவிடும். நொடிக்கு ஒருமுறை இடம் சொல்லும் ஜிபிஎஸ், பிரேக் பிடித்த இடத்தையே தவறவிடும். பத்து முறை சொன்னால் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவருக்குத்தான் திரையில் ஓடும் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். கடைக் கருவி அதிர்வையும் மழையையும் தாங்குமே என்பார்கள். உண்மைதான், வீட்டில் வைத்த சாலிடர் எஞ்சின் நடுக்கத்தில் விட்டுப்போகும். அதற்கு ரப்பர் திண்டும் இறுகக் கட்டிய வயரும் வேண்டும். ஆனால் முன் ஃபோர்க்கை முழுதாக நீட்டி ஒன்று, முழுதாக அமுக்கி ஒன்று என அளந்து, அதில் பொருத்திய சென்சாரிலிருந்து பலகை படிக்கும் 0 முதல் 1023 வரையான எண்ணை மில்லிமீட்டராக மாற்றியவர், மோஸ்போர்ட்டின் மாஸ் வளைவுக்கு முன் ஃபோர்க் அடிதட்டுவதைத் திரையில் பார்த்ததுமே பிடித்துவிடுவார். அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்கலாமே என்றால், புதிதாக ஓட்டுபவருக்கு அதுவே சரி. சுற்று நேரம் குறையாமல் திணறுபவருக்கோ, எந்த வளைவில் த்ராட்டிலைத் தாமதமாகத் திறக்கிறார் என்பது முதலில் தெரிய வேண்டும்.