அரண்மனை புகுந்த வரலாற்றாசிரியர்

ஆட்சியாளரை அண்டி நிற்பவனுக்கே ஆட்சியின் உண்மைகள் புலனாகும் என்றொரு கருத்து அறிஞரிடையே நிலவி வருகின்றது. அக்கருத்து எத்துணை ஆபத்தானது என்பதற்கு அமெரிக்க வரலாற்றாசிரியரும் வாழ்க்கை வரலாற்றாளருமான ஆதர் ஷ்லெசிஞ்சரின் (1917–2007) பணியே தக்க சான்றாகும்.

1945 இல் வெளிவந்த 'ஜக்சனின் காலம்' அடுத்த ஆண்டே புலிற்சர் பரிசினைப் பெற்றது. சனாதிபதி அன்ட்ரூ ஜக்சனின் சனநாயகத்தை, வணிக வர்க்கத்தின் ஆதிக்கத்திற்கெதிரான போராட்டமாக அந்நூல் காட்டிற்று. ஜக்சன் வங்கியோடு பொருதிய வரலாறு அங்கு விரிவாக உண்டு. ஆனால், 1830 இல் அவர் கையொப்பமிட்ட சட்டத்தினாற் பழங்குடி மக்கள் மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தப்பட்டமை அந்நூலிற் பொருட்படுத்தப்படவில்லை. 1838–39 இல் நிகழ்ந்த அவ்வெளியேற்றத்திற் செரோக்கி மக்களுள் மட்டும் ஏறக்குறைய 4,000 பேர் மடிந்தனர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடாகும். இவர்களை விலக்கிவிட்டு எழுதப்படுவது யாருடைய சனநாயகம்?

ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த ஷ்லெசிஞ்சர், 1961 இற் கென்னடியின் விசேட உதவியாளராக வெள்ளை மாளிகை புகுந்தார். அவ்வாண்டு ஏப்ரலிற் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில், அமெரிக்கா பயிற்றுவித்த ஏறக்குறைய 1,400 பேர் இறக்கப்பட்டனர். அத்திட்டத்தை அவர் எழுத்திலே எதிர்த்தார். ஆலோசனைக் கூட்டங்களிலோ வாளாவிருந்தார். அதுமட்டுமோ! படையினரின் தொகையைக் குறைத்து 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகைக்குப் பொய்யுரைத்தமையை 1965 இல் அவரே ஒப்புக்கொண்டார். கென்னடியின் ஆட்சியைப் போற்றும் அவரது 'ஆயிரம் நாட்கள்' வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். 1966 இல் அந்நூல் இரண்டாவது புலிற்சர் பரிசினை ஈட்டிற்று. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் சிறப்புப் பேராசிரியர் பதவியும் நல்கிற்று. 1967 இல் இதனைக் கண்டித்த நோம் சொம்ஸ்கி, அப்பொய்யைக் காட்டிலும், அது புலமை உலகிற் பெரிதாக எச்சலனத்தையும் எழுப்பாமையையே பாரதூரமானதாகக் கருதினார்.

தம் மௌனத்தைத் தாமே நொந்து எழுதினாரே, சனாதிபதியின் வரம்பிலா அதிகாரத்தைச் சாடி 1973 இல் நூல் இயற்றினாரே எனச் சிலர் வாதிப்பர். மெய்தான். ஆயினும், கூட்டம் கலைந்தபின் எழுதப்படும் வருத்தம் எப்படையெடுப்பையும் தடுத்ததில்லை. அதிகாரம் நிக்சனின் கையிலிருந்த வேளையில் அதனைச் சாடுதற்கு, நண்பர் கென்னடியின் முன்னிலையில் வேண்டியிருந்த துணிவு வேண்டியதுமில்லை.

அரண்மனைதான் அவரைக் கெடுத்தது என்பாருமுளர். இது பொருந்தாது. செரோக்கி மக்களை அவர் காணத் தவறியது, வெள்ளை மாளிகை புகுவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னராகும். தலைவனின் தோளுக்குப் பின்னால் நின்று காலத்தை நோக்கும் பார்வை அவரிடம் முன்னரே அமைந்திருந்தது. பதவி அதற்கோர் ஆசனம் அளித்தது, அவ்வளவே.

மெய்க்கீர்த்தி பாடுதற்கு மன்னர்க்குப் புலவர் என்றும் கிடைப்பர். வரலாறு பயிலும் மாணவர், பரிசு பெற்ற நூலொன்றைக் கையிலெடுக்கும்போது, அதனுள் யார் பேசுகின்றார் என்பதோடு யார் இல்லை என்பதையும் வினாவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பாத புலமை, அதிகாரத்தின் ஏவலாகவே முடியும்.