செப்டம்பர் தன்னார்வலர்கள்

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாள். அன்று சென்னைக்காரர்களான நாம் பெசன்ட் நகர்க் கடற்கரையில் கூடுகிறோம். ஒரே நிறச் சட்டை, கையுறை, சாக்குப்பை. பிளாஸ்டிக் பொறுக்கி, படம் எடுத்துக்கொண்டு கலைகிறோம். அடுத்த மழையிலேயே கூவமும் அடையாறும் அதே குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து போடுகின்றன. ஆற்றில் கொட்டியவர்களும் நாம்தான். அந்த ஒரு காலையோடு கடலுக்குப் பட்ட கடன் தீர்ந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

2025 ஜனவரியில் நம் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் நீரிலேயே மூச்சடைத்துச் சாகும். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்கிறது மாநிலச் சட்டம். அதைக் கடலில் யார் கண்காணிக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குவதற்குள் ஆமைகள் முட்டையிடும் மும்முரம் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது, அதையும் கவனித்ததில்லை. சந்தையில் இறாலுக்குப் பேரம் பேசினோம், எந்த வலையில் வந்தது என்று விசாரிக்கவில்லை. செத்த ஆமையின் படத்தைப் பகிர்ந்து மீனவரைத் திட்டியதோடு நம் கோபம் அடங்கிவிட்டது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு, வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். இருண்ட கரையில் அது கடல் பக்கம். நம் கரையிலோ தெருவிளக்கும் மாடிவிளக்கும் அதைச் சாலைக்கு இழுக்கின்றன. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1980-களின் இறுதியிலிருந்து இரவெல்லாம் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். நாமோ குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில் கைப்பேசியோடு போய் நிற்கிறோம். விளக்கை அணையுங்கள் என்றால், திருட்டுப் பயம் என்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. வாளியும் குவளையுமாக இறங்கி அதை அள்ளியவர்கள் அவ்வூர் மீனவர்கள். நமக்கு மின்சாரமும் பெட்ரோலும் வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான். ஆனால் கடற்கரை என்றால் நமக்கு மெரினாவும் பெசன்ட் நகரும் மட்டுமே. எண்ணூரை நாம் அந்தக் கணக்கில் சேர்த்ததேயில்லை.

நமக்குத் தோதான நாளில், தோதான கரையில் செய்வதற்கே தன்னார்வம் என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஜனவரி முதல் கோடை தொடங்கும்வரை கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்து வைப்பது, கடலோரத் திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மீனவர்களோடு போய் உட்காருவது, ஆற்றில் சாக்கடை விடும் குழாயைப் பற்றி மனு கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் கேட்பது: இவற்றுக்குக் கையுறை வேண்டாம், சட்டை தரமாட்டார்கள், படம் எடுக்கவும் யாரும் வரமாட்டார்கள். இத்தனை ஆண்டுகளாக நாம் தட்டிக்கழித்தவை இவைதாம்.