நூலுக்கு ஈரக் காற்று; ஆளுக்கு வெக்கையா?

ஒவ்வொரு கோடையிலும் ஆலைத் தொழிலாளர்கள் ஒரே கோரிக்கையை எழுப்புகிறார்கள். ஷெட்டுக்குள் வெக்கை தாங்க முடியவில்லை, காற்று வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் நிர்வாகங்கள் ஒரே பதிலைச் சொல்கின்றன. இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஏர்கண்டிஷன் போட்டால் கரண்டு பில் கட்டுப்படியாகாதாம்! இந்தப் பதிலை ஏற்க முடியாது என்று நாம் சொல்கிறோம். மிகக் குறைந்த மின்சாரத்தில் ஷெட்டைக் குளிர வைக்க வழி இருக்கிறது. அது முதலாளிகளுக்குத் தெரியாததும் அல்ல.

வயலில் பாடுபடும் தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரப்போரத்து மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உடம்பில் வியர்வை செய்யும் வேலையும் இதுவே. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. ஈரத் தட்டிகளின் வழியாகவோ, நீர்த் தூவலின் வழியாகவோ வெளிக் காற்றை விசிறியால் இழுத்து உள்ளே விட்டால் காற்று குளிர்கிறது. விசிறிக்கும் பம்புக்கும்தான் கரண்டு, கம்ப்ரஸர் கிடையாது.

எவ்வளவு குளிரும்? வெளியே 40 டிகிரி சூடும் 25 சதவிகித ஈரமும் உள்ள வறண்ட நாளில், நல்ல யந்திரம் 27 டிகிரிக் காற்றை உள்ளே தரும். கடலோரத்தில், 36 டிகிரி சூடும் 60 சதவிகித ஈரமும் உள்ள நாளில், 31 டிகிரி வரைதான் இறங்கும். ஈரம் மிகுந்த காற்று மேற்கொண்டு நீரை அதிகம் வாங்காது. எனவே எல்லா ஊருக்கும் இது ஒரே மருந்து என்று நாம் சொல்லவில்லை. உள்மாவட்டங்களின் வறண்ட கோடைக்கு இது நன்றாகப் பொருந்தும்.

பஞ்சாலைகளில் இந்த யந்திரம் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. யாருக்காக ஓடுகிறது? நூலுக்காக! பஞ்சு காய்ந்தால் இழை அறும்; இழை அறுந்தால் உற்பத்தி குறையும். ஆகவே ஸ்பின்னிங்கில் 55 முதல் 60 சதவிகிதம் வரையும், பருத்தி நெசவு ஷெட்டில் 75 முதல் 80 சதவிகிதம் வரையும் ஈரம் வைக்கிறார்கள். 'ஏர்கண்டிஷனிங்' என்ற சொல்லே இப்படிப் பிறந்ததுதான். 1906-ல் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்கப் பஞ்சாலை இஞ்சினியர், ஆலைக் காற்றில் ஈரம் சேர்க்கும் வேலைக்கு அந்தப் பெயரை வைத்தார். நூலுக்குத் தேவையில்லாத இடங்களில், தையல் ஷெட்டிலும் வார்ப்பட ஆலையிலும் தகரக் கூரைப் பட்டறையிலும், பெரும்பாலும் இந்த யந்திரத்தைக் காணோம். அங்கே வேகிறவன் மனிதன்தானே!

நூலுக்கு ஏற்ற ஈரம் மனிதனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் லங்காஷயர் நெசவாலைகளில் முதலாளிகள் நீராவியையே ஷெட்டுக்குள் விட்டார்கள். வியர்வை உலராமல் நெசவாளர்கள் அவதிப்பட்டார்கள். எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். 1889-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஷெட்டின் ஈரத்துக்கு உச்ச வரம்பு கட்டிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. அந்தப் பாடத்தை நாம் மறக்கக்கூடாது. ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவே உண்மையைச் சொல்லும். அது ஏற ஏற வியர்வை உலராது. உடம்பின் சூடு உள்ளேயே தங்கிவிடும். இந்த அளவு 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று பல மாநிலங்களின் தொழிற்சாலை விதிகள் கூறின.

சட்டத்தின் நிலை என்ன? வேலை அறையில் நல்ல காற்றும், உடல்நலத்துக்குக் கேடில்லாத வெப்பமும் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு சொன்னது. ஈரம் சேர்க்கும் தண்ணீர் குடிநீராகவோ, நன்கு சுத்திகரித்த நீராகவோ இருக்க வேண்டும் என்று 15-வது பிரிவு சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொகுப்புச் சட்டம் இந்த அளவுகளை விதிகளுக்கு விட்டிருக்கிறது. விதியில் எண் இல்லை என்றால் தொழிலாளி எதைக் காட்டி நியாயம் கேட்பான்? 2024-ல் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடர் ஆலை கேட்டுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை.

தண்ணீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். வினாடிக்கு 10 கன மீட்டர் காற்றை 10 டிகிரி குளிர வைக்க, மணிக்குச் சுமார் 180 லிட்டர் ஆவியாகிறது. மூன்று ஷிப்டும் ஓடினால் நாளொன்றுக்கு 4,000 லிட்டருக்கு மேல் போகும். பெரிய ஆலைக்கு இதைப்போல் பல மடங்கு வேண்டும். இதைப் பக்கத்துக் கிராமத்தின் போர்க்குழாயிலிருந்து லாரியில் உறிஞ்சினால், ஆலைத் தொழிலாளிக்குக் குளிர்ச்சி, விவசாயத் தொழிலாளிக்குக் காலிக் குடம் என்றாகிவிடும். இருவரையும் மோதவிட இடம் கொடுக்கக்கூடாது. கூரையில் விழும் மழைநீரைச் சேமித்தும், கழிவுநீரைச் சுத்திகரித்தும் ஆலைகள் இந்தத் தேவையைச் சமாளிக்க வேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். முதலாவதாக, ஆட்கள் வேலை செய்யும் ஒவ்வொரு ஷெட்டிலும் ஈரத் தெர்மாமீட்டர் மாட்டி, ஷிப்டுதோறும் அளவை எழுதிப் பலகையில் போட வேண்டும். இரண்டாவதாக, வரம்பைத் தாண்டினால் குளிர் காற்றும், சம்பளம் பிடிக்காத ஓய்வும் தர வேண்டும். மூன்றாவதாக, உள்ளே போகும் காற்றுக்கு ஈடாக வெளியேற்றும் விசிறிகள் வேண்டும். தொட்டியும் தட்டியும் பாசி பிடிக்காமல் கழுவப்பட வேண்டும். நான்காவதாக, இவற்றுக்கெல்லாம் விதிகளில் எண்ணோடு கூடிய வரம்பு வேண்டும்.

தொழிற்சங்கங்கள் இந்தக் கோடையிலேயே இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இழை அறாமல் காக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அந்த இழையை முடிகிற கைகளையும் காக்கத் தெரியும். காக்க வைப்பது சங்கத்தின் வேலை.